கணிப்பில் இல்லாதவள்

2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் அந்த ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த எஃப்சி கோவா. சொந்த மண், சொந்தக் கூட்டம். மறுபக்கம் சென்னையின் எஃப்சி. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. அரையிறுதியில் சொந்த ஊரில் ஆடியிருக்க வேண்டிய ஆட்டத்தைச் சென்னை அணி புனேயில் போய் ஆடியது. கோவா வெல்லும் என்று கணித்தவரைக் குறைசொல்ல முடியாது. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை பெற்றபோது அந்தக் கணிப்பு பலித்துவிட்டதுபோலவே இருந்தது. அதன்பின் கோவா கோல்காப்பாளரின் சுயகோல் ஒன்று. கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2. கோப்பை சென்னைக்கு.

ஆட்டம் முடிந்த இரவிலேயே சென்னை அணியின் நட்சத்திர வீரர், பிரேசிலின் எலானோ புளூமர், கோவா காவல்துறையால் கைது செய்யப்பட்டார். கோவா அணியின் இணை உரிமையாளர் தத்தராஜ் சால்காவ்கர், எலானோ தன்னைத் தாக்கினார் என்று புகார் கொடுத்திருந்தார். எலானோ பிணையில் வந்தார். கோவா அணி பரிசளிப்பு விழாவைப் புறக்கணித்தது. மறு ஆண்டு மே மாதம் லீக்கின் ஒழுங்குமுறைக் குழு கோவா அணிக்கு 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளிகள் கழிப்பும் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை தணிக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் ஒரு பிரதியாக வாசிக்கிறேன். இலக்கியம் படித்தவளுக்கு வேறு கருவி கிடையாது. வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, இதில் பெண் என்று ஒருத்தியும் இல்லை என்பது. அடித்ததாகச் சொல்லப்பட்டவர் ஆண், அடிபட்டதாகச் சொன்னவர் ஆண், விசாரித்தவர்கள் ஆண்கள். ‘முறைகேடான நடத்தை’ என்ற சொல் இங்கே ஆண்களுக்கிடையே மானம் சம்பந்தப்பட்ட விவகாரமாக இருக்கிறது. அதனால்தான் எல்லாம் வேகமாக நடந்தது. புகார் வந்த இரவே கைது, சில மாதங்களில் விசாரணை, கோடிகளில் அபராதம்.

இந்த வேகத்தை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் எழுப்பி டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானது ஏப்ரல் 28 அன்று. அதுவும் அவர்கள் உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு. ஒலிம்பிக் பதக்கத்தோடு வந்த பெண்ணுக்கு ஒரு புகாரைப் பதிவுசெய்ய உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. அணி உரிமையாளருக்கு ஓர் இரவு போதுமாயிருந்தது.

*

பெண் ஒருத்தியும் இல்லை என்றேனே, அது முழு உண்மையில்லை. அன்று வென்ற சென்னை அணியின் பயிற்சியாளர் மார்கோ மட்டராஸி. 2006 ஜூலை 9, பெர்லினில் நடந்த உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்சின் ஜினெடின் ஜிடேன் தலையால் மார்பில் முட்டித் தள்ளிய அந்த இத்தாலிய வீரர். உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த முட்டு அது. அதற்கு முன்னால் மட்டராஸி என்ன சொன்னார்? ஜிடேனின் சகோதரியைப் பற்றி இழிவாகச் சொன்னதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். தாயைப் பற்றியும் பேசினார் என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுத்தார். சிறுவயதில் தாயை இழந்தவன் நான், தாய் எனக்குப் புனிதம் என்பது அவர் தந்த விளக்கம்.

என் மாணவிகளிடம் இந்த விளக்கத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். தாய் புனிதம், ஆகவே திட்டக்கூடாது. சகோதரி புனிதமில்லை, ஆகவே திட்டலாம். ஆண்களின் சண்டையில் பெண்ணுக்கு இரண்டே இருக்கைகள். ஒன்று பீடம், மற்றது வசை. நம் ஊர்த் தெருச்சண்டைக்கும் பெர்லின் மைதானத்துக்கும் இதில் வேறுபாடு கிடையாது. வசைச்சொற்களைத் தொகுத்து ஆய்வு செய்தால் அவற்றில் பெரும்பகுதி தாயையும் அக்காள் தங்கையையும் குறித்தே இருக்கும் என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும்.

சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் விசாரித்தது. ஜிடேனுக்கு 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் மூன்று ஆட்டத் தடையும். மட்டராஸிக்கு 5,000 ஃபிராங்க் அபராதமும் இரண்டு ஆட்டத் தடையும். அந்தத் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து ஜிடேனுக்கே போனது. யாரைப் பற்றி அந்தச் சொல் சொல்லப்பட்டதோ அந்தப் பெண் களத்திலும் இல்லை, விசாரணையின் கணக்கிலும் இல்லை. உலகக்கோப்பையின் போக்கையே திருப்பிய சண்டைக்கு அவள் காரணமாக்கப்பட்டாள். ஆனால் பாதிக்கப்பட்டவளாக எண்ணப்படவில்லை. அவளுடைய அவமானத்தை அண்ணன் தம்பியின் அவமானமாகவே எல்லோரும் வாசித்தார்கள்.

*

இனி கணிப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. எந்த நட்சத்திரம் எந்நேரம் எங்கே நிற்கும் என்று அங்கே துல்லியமாகச் சொல்வார்கள். கீழே ஊருக்குள் தேநீர்க்கடைகளில் வேறு நட்சத்திரங்களைப் பற்றி அதே துல்லியத்தோடு பேச்சு நடக்கும். கால்பந்தோ கிரிக்கெட்டோ, இறுதிப்போட்டிக்கு முந்தைய நாளின் பேச்சுக்கு ஓர் இலக்கணம் உண்டு. யார் உடல்தகுதியோடு இருக்கிறார், யாருக்குத் தொடையில் பிடிப்பு, மைதானம் யாருக்குச் சாதகம், மழை வருமா. இந்தப் பட்டியலில் நடுவே ஒரு வரி வரும்: ‘அவன்மேல ஏதோ கேஸு இருக்காமே, ஆடுவானா?’

அந்த ஒரு வரிதான் என் ஆய்வுப்பொருள். ஒரு வீரர்மேல் பாலியல் குற்றச்சாட்டு வந்தால், கணிப்பின் மொழி அதைத் தொடைப்பிடிப்போடு ஒரே வரிசையில் வைக்கிறது. இரண்டுக்கும் அங்கே ஒரே பொருள்: ஆடுவாரா, மாட்டாரா. குற்றம் என்பது அணிக்கு நேர்ந்த காயம். நடந்ததாகச் சொல்லப்படும் வன்முறையைத் தாங்கிய உடல் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைவு அந்த வாக்கியத்துக்குள் நுழைய இடமில்லை. எழுவாய் அவன், பயனிலை ஆடுவது. அவளுக்கு வேற்றுமை உருபுகூடக் கிடைப்பதில்லை.

எலானோவோடு சாண்டோஸ் கழகத்திலும் பிரேசில் தேசிய அணியிலும் ஆடியவர் ரொபின்ஹோ. 2013இல் மிலான் நகரில் ஓர் இளம்பெண்ணைக் கூட்டாக வல்லுறவு செய்த வழக்கில் 2017இல் இத்தாலிய நீதிமன்றம் அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு இருக்கும்போதே, மேல்முறையீடு நிலுவையில் உள்ள நிலையில், 2020 அக்டோபரில் சாண்டோஸ் கழகம் அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்தது. சில நாள்களில் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. விளம்பரதாரர்கள் முகம் சுளித்ததே அதற்குக் காரணம். 2022இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 2024 மார்ச்சில்தான் பிரேசிலில் அவர் சிறை சென்றார். கழகத்தின் கணக்கில் முதலில் கோல்கள் இருந்தன, பிறகு விளம்பரப் பணம் வந்தது. மிலானில் இருந்த பெண் எந்த நெடுவரிசையிலும் இல்லை.

*

கணிப்பு வெறும் பேச்சு, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டேவிட் கார்டு, கார்டன் டால் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்டது. அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் அவர்களுடைய விளையாட்டின் தொழில்முறை ஆட்டங்களையும், அதே நாள்களில் காவல்துறையில் பதிவான குடும்ப வன்முறைகளையும் ஒப்பிட்டார்கள். பந்தயச் சந்தை ஆட்டத்துக்கு முன் என்ன கணித்தது என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். முடிவு இது: வெல்லும் என்று கணிக்கப்பட்ட உள்ளூர் அணி தோற்றால், மனைவியையோ காதலியையோ ஆண்கள் வீட்டில் தாக்குவது ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. சமபலம் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில் தோற்றால் அப்படி ஏற்றம் தெரியவில்லை.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தோல்வி என்னவோ ஒன்றுதான். வேறுபடுவது கணிப்பு. வெற்றியை ஏற்கெனவே தன் உடைமையாக நினைத்துவிட்டவனிடமிருந்து அது பறிக்கப்படும்போது, அவன் தன் உடைமை என்று நினைக்கும் இன்னொன்றின்மேல் கை வைக்கிறான். பொய்த்த கணிப்பின் பாக்கியை வீட்டில் இருப்பவள் கட்டுகிறாள்.

வென்றால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 2002, 2006, 2010 உலகக்கோப்பைக் காலத்துக் காவல்துறைப் பதிவுகளை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாள்களில் குடும்ப வன்முறைப் பதிவுகள் 38 விழுக்காடு கூடியிருந்தன. வென்ற, அல்லது சமன் செய்த நாள்களிலும் 26 விழுக்காடு கூடியிருந்தன.

இவை அந்த ஊர்க் கணக்குகள். அவற்றை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பதற்குக் கால்பந்து தேவையில்லை என்பதே அதன் பொருள். ஆட்டம் ஒரு சாக்கு. சாக்கு தேடுபவனுக்குக் குழம்பில் உப்பு கூடினாலும் போதும்.

ஒருமுறை வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள். அவள் அம்மா விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறவர். “எங்கம்மாவுக்கு கிரிக்கெட்டுன்னா என்னன்னே தெரியாது மேடம். ஆனா பைனல் மேட்ச் அன்னிக்கு மட்டும் தம்பிய அனுப்பி ஸ்கோர் கேட்டுட்டு வரச் சொல்லுவாங்க. தோக்கிற மாதிரி இருந்தா சீக்கிரமா சோறு போட்டு எங்களை ஆயா வீட்டுல போய்ப் படுத்துக்கங்கன்னுடுவாங்க.”

வகுப்பு சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அந்த அம்மாவைக் கணிப்பாளர் என்று யாரும் அழைக்கப்போவதில்லை. ஆனால் அன்று அந்தத் தெருவில் ஆட்டத்தைச் சரியாகக் கணிக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தது அவர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் கணித்தது கோப்பையை; அவர் கணித்தது இரவை.

*

தமிழ் இலக்கியத்துக்கு இந்தப் பெண் புதியவர் அல்லர். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான். வீட்டில் தலைவி காத்திருக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் போய், தூவி வணங்கி, ஏதேனும் நற்சொல் காதில் விழுகிறதா என்று நிற்கிறார்கள். ஓர் இடைப்பெண், தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஆறுதல் சொல்வது கேட்கிறது. அதையே நன்னிமித்தமாகக் கொண்டுவந்து தலைவியிடம் சொல்கிறார்கள். விரிச்சி கேட்டல் என்று இதற்குப் பெயர். வெட்சித் திணையிலும் இது ஒரு துறை. படை கிளம்பும் முன் வெற்றி தோல்வியை அறியும் வழி. இன்றைய சொல்லில் சொன்னால், ஆட்டத்துக்கு முந்தைய கணிப்பு.

இந்த விரிச்சியை நான் கொண்டாடவில்லை. போர் ஏன் என்று முல்லைப்பாட்டுத் தலைவி கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் அவளை வைக்கவும் இல்லை. காத்திருப்பதே அவளுக்குக் கற்பாக விதிக்கப்பட்டது. ஆனாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டில் கணிப்பு என்பது காத்திருக்கும் ஒருத்தியின் பொருட்டு நடக்கிறது. களத்தின் முடிவு ஒரு வீட்டுக்குள் என்னவாக வந்து இறங்கும் என்பதைப் பாட்டு அறிந்திருக்கிறது. நம் காலத்துக் கணிப்பு களத்தைப் பற்றி ஆயிரம் விவரங்கள் சொல்கிறது. வீட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டது. தம்பியை அனுப்பி ஸ்கோர் கேட்கும் ஆலங்காயத்து அம்மா தனக்குத் தானே விரிச்சி கேட்டுக்கொள்கிறார். வித்தியாசம், முல்லைப்பாட்டுப் பெண் அவன் திரும்பி வருவானா என்று கேட்டாள். இவர் எப்படித் திரும்பி வருவான் என்று கேட்கிறார்.

பெண்களின் இந்தக் கணிப்பைக் கேட்க ஆளில்லை என்பதற்குக் களத்திலேயே சான்று உண்டு. 2022 செப்டம்பரில் ஸ்பெயின் கால்பந்து வீராங்கனைகள் 15 பேர் தங்கள் கூட்டமைப்புக்குத் தனித்தனியே கடிதம் அனுப்பினார்கள். தேசிய அணியின் சூழல் தங்கள் மனநலத்தைப் பாதிக்கிறது, மாற்றம் வரும்வரை ஆட முடியாது என்றார்கள். கூட்டமைப்பு அவர்களையே அடம்பிடிப்பவர்களாகக் காட்டியது. 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று வென்று உலகக்கோப்பையைப் பெற்றது. பரிசளிப்பு மேடையில் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், வீராங்கனை ஜென்னி ஹெர்மோசோவின் தலையைப் பிடித்து அவர் சம்மதமின்றி உதட்டில் முத்தமிட்டார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைப் பாலியல் தாக்குதல் என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது. யார் வெல்வார் என்று கணித்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். வென்ற பெண்ணுக்கு வென்ற மேடையில் என்ன நேரலாம் என்பதன் குறிப்பு பதினைந்து கடிதங்களாக ஓராண்டுக்கு முன்பே மேசையில் கிடந்தது.

நம் நாட்டுக் கால்பந்திலும் இதே கதைதான். 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக்கோப்பையை இந்தியா நடத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பயிற்சிப் பயணமாக அணி ஐரோப்பாவில் இருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டார். 2024 மார்ச்சில், இந்தியப் பெண்கள் லீக்கின் இரண்டாம் நிலைப் போட்டிக்காகக் கோவா சென்றிருந்த இமாச்சல அணியின் வீராங்கனைகள் இருவர், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினரான தீபக் சர்மா தங்கள் அறைக்குள் வந்து தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் கைதாகிப் பிணையில் வந்தார். கூட்டமைப்பு அவரை இடைநீக்கம் செய்தது. சென்னையின் எஃப்சி வென்ற அதே கோவா, அதே கால்பந்து, அதே போன்ற தாக்குதல் புகார். அன்றைய சால்காவ்கர் புகாரை நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரு பெண்களின் புகார் தெரியும்?

*

மறுப்புகளை நான் அறிவேன். குற்றச்சாட்டு என்பது குற்றமாகிவிடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். 2022 நவம்பரில் உலகக்கோப்பைக்காகச் சென்ற இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக சிட்னியில் பாலியல் வழக்கில் கைதானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. கணிப்பவர் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தீர்ப்பு வரும்வரை புகார் கொடுத்தவளும் ஒரு மனுஷி என்ற அளவில் வாக்கியத்தில் இடம்பெற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

விளையாட்டை நிம்மதியாக ரசிக்கக்கூட விடமாட்டீர்களா என்பார்கள். விளையாட்டு எனக்கும் பிடிக்கும். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது மகிழ்ந்தவள் நான். ரசனைக்கு எதிராக நான் பேசவில்லை. அந்த நிம்மதி எல்லா வீட்டிலும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்கிறேன்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு சிறு பயிற்சி. அடுத்த இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள் தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கில் இருக்கும் வீரரைப் பற்றிய வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். எழுவாய் யார் என்று பாருங்கள். ‘சர்ச்சையில் சிக்கினார்’ என்று எழுதியிருந்தால், சிக்கவைத்தது எது, சிக்கியது உண்மையில் யார் என்று கேளுங்கள். ‘மீண்டு வந்தார்’ என்று எழுதியிருந்தால், அவர் எதிலிருந்து மீண்டார், மீளாதவர் யார் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். இலக்கணம் நமக்குக் கற்பிக்கப்பட்டது தேர்வுக்காக மட்டுமில்லை.

அன்றிரவு அக்கம்பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதீர்கள். 181 என்ற எண் மகளிர் உதவிக்கானது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். கோப்பை யாருக்கு என்பது மறுநாள் காலை எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது, யாராவது போய்க் கதவைத் தட்டினால்தான் தெரியும்.